அக்கா ஸ்கூல்ல இருக்கா

எங்கள் பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளை வரவேற்கும் கால்கோள் விழா அந்த வருஷம் மிகவும் பிந்தித்தான் நடந்தது. அதற்கு முந்தைய மாதங்களில் பெய்த மழையில் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷனில் ஒரு லயம், ஒரு வரிசை வீடுகள் முழுதும், மண்சரிவில் போய்விட்டது. மற்ற லயங்களின் சுவர்களும் வெடித்திருந்ததால், அங்கிருந்த குடும்பங்களைக் கொண்டுவந்து பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள். தொழிற்சாலைக்குப் பக்கத்து மைதானத்தில் தகரக் கொட்டில்கள் போட்டு அவர்களை மாற்றிய பிறகுதான் வகுப்பறைகள் எங்கள் கைக்குத் திரும்பி வந்தன.

நான் முதலாம் வகுப்பு டீச்சர். என் வகுப்பறையின் மூலையில் யாரோ அடுப்பு மூட்டியிருந்ததில் சுவர் கூரைவரைக்கும் கரி பிடித்திருந்தது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. அந்த இடத்தில் கலர்த் தாள்களை ஒட்டி மறைத்தேன். கிருமிநாசினி ஊற்றிக் கழுவிய வாடையும் ஈர மெத்தை வாடையும் மட்டும் பல நாள் இருந்தன. என்னிடம் சேரப்போகிற பிள்ளைகளில் பாதிப்பேர் அந்தத் தரையிலேயே படுத்துத் தூங்கினவர்கள்.

பள்ளி தொடங்குவதற்கு முன் புதுப் பிள்ளைகளின் பெற்றோரை அழைத்துப் பேசுவது என் வழக்கம். நானும் கொழுந்து எடுத்த ஒரு தாயின் பிள்ளைதான். வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்கு நேரமாகிவிட்டதே என்ற அவசரத்தில் பிள்ளையை வாசலில் விட்டுவிட்டு ஓடுகிறவர்களின் நிலைமை எனக்குத் தெரியும். அதனால் அவர்களிடம் நிறையக் கேட்பதில்லை. முதல் நாள் அழுதால் ஏசாதீர்கள், எத்தனை மணிக்கு வந்து கூட்டிக்கொண்டு போவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள், சொன்ன நேரத்துக்கு வாருங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமாக, கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு ஒளிந்து போகாதீர்கள். ஒரு தடவை ஏமாந்த பிள்ளை அப்புறம் நம்மையும் நம்பாது, பள்ளிக்கூடத்தையும் நம்பாது. இதைத்தான் ஒவ்வொரு வருஷமும் சொல்வேன்.

அந்த வருஷக் கூட்டத்தில் நான் பேசி முடித்ததும் ஒரு தகப்பன் எழுந்து நின்றார்.

"அதெல்லாம் சரி டீச்சர். மழை பேஞ்சா புள்ளைங்கள என்ன செய்வீங்க?"

 பள்ளிக்கூடத்து அதிபர்தான் பதில் சொன்னார். "மழை கனத்துச்சுன்னா உடனே ஆள் அனுப்புறோம். நீங்க வர்ற வரைக்கும் நாங்க யாரும் வீட்டுக்குப் போக மாட்டோம்." அவர் வேறென்ன சொல்ல முடியும்? பள்ளிக்கூடத்தின் பின்பக்கத்து மதிலிலும் ஒரு வெடிப்பு இருந்தது. வந்திருந்த எல்லோரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள்.

கடைசி வாங்கில் ஒரு பெண் மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் பொய் சொல்லாதீர்கள் என்றபோது அவள் தலையைக் குனிந்துகொண்டதைக் கவனித்தேன். அவளை எனக்குத் தெரியும். அவளுடைய மூத்த மகளுக்கு நான்தான் அகரம் சொல்லிக்கொடுத்தேன். வாய் ஓயாத பிள்ளை. நாலாம் வகுப்பு முடித்திருந்தாள்.

அந்த மழை நாட்களில் சின்னவளுக்கு இழுப்பு வந்து மூச்சு விட முடியாமல் போனது. தாயும் தகப்பனும் அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பெரியவளை அதே லயத்தில் பக்கத்துக் காம்பராவில் இருந்த அத்தையிடம் விட்டிருந்தார்கள். ரோடு அடைபட்டதால் தகப்பனாலும் திரும்ப முடியவில்லை. அடுத்த நாள் விடியும்போது மலை இறங்கியது. அத்தையின் உடலை அன்றைக்கே எடுத்தார்கள். பெரியவளை எடுக்க முடியவில்லை. ஆமிக்காரர்கள் தோண்டினார்கள், தோட்டத்து ஆட்கள் தோண்டினார்கள். பிறகு இனிமேல் தோண்டினால் மிச்ச மண்ணும் இறங்கும் என்று நிறுத்திவிட்டார்கள். தகப்பன் மட்டும் நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த தாயும் சின்னவளும் பட்டிப்பொல பக்கத்தில் இருந்த தாய்வீட்டில் தங்கியிருந்தார்கள். பள்ளி தொடங்கப்போகிறது என்றுதான் கொட்டிலுக்கு வந்திருந்தார்கள்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாத ஒன்றும் இருந்தது.

கால்கோள் விழாவை அந்த வருஷம் பாண்ட் வாத்தியம் இல்லாமல் நடத்தினோம். ஒரு விளக்கு, பாற்சோறு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் கையால் செய்த காகித மாலை, அவ்வளவுதான். பிள்ளைகள் அழுதார்கள். அது எப்போதும் நடப்பது. ஆனால் இந்தத் தடவை தாய்மாரும் கையை விடவில்லை. ஒரு பிள்ளையை உள்ளே கூட்டிக்கொண்டு போனால் அதன் தாயும் ஜன்னலுக்கு வந்துவிடுவாள். போங்கள் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

அந்தக் கூட்டத்தில் அழாமல் நின்றவள் சின்னவள் மட்டும்தான். தலையை வழித்துச் சீவி, கண்ணில் நீளமாக மை வைத்து அனுப்பியிருந்தார்கள். மாலையைப் போட்டதும் தாயின் கையை அவளாகவே விட்டுவிட்டு என்னிடம் நடந்து வந்தாள்.

"டீச்சர், அஞ்சாம் வகுப்பு எங்க இருக்கு?"

"எதுக்கும்மா?"

"எங்க அக்கா அங்கதான் இருக்கு. ஸ்கொலஷிப்புக்குப் படிக்குது. ஸ்கூல்லயே தங்கியிருக்கு. நான் ஒண்ணாம் வகுப்பு வந்தா பாக்கலாம்னு அப்பா சொன்னாங்க."

நான் நிமிர்ந்து தாயைப் பார்த்தேன். அவள் வேலிப் பக்கம் திரும்பி, சேலைத் தலைப்பை வாயில் கவ்விக்கொண்டு நின்றாள்.

"மொதல்ல நம்ம வகுப்பப் பாப்போம், வா" என்று சொல்லி அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். சந்தோஷமாக வந்தாள். அவ்வளவு சந்தோஷமாகப் பள்ளிக்கூடத்துக்குள் வந்த ஒரு பிள்ளையை நான் பார்த்ததில்லை.

இடைவேளைக்கு மணி அடித்ததும் அவள் ரொட்டியைப் பிய்த்துப் பாதியைத் தின்றாள். மீதியைக் கையில் எடுத்துக்கொண்டு, யாரிடமோ வழி கேட்டு, ஐந்தாம் வகுப்புக்குப் போய்விட்டாள். நான் பின்னால் ஓடினேன். வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே இருந்தவர்கள் எல்லாம் பெரியவளோடு படித்த பிள்ளைகள். ஒருவரும் அசையவில்லை. பெரியவளோடு எப்போதும் ஒட்டிக்கொண்டு திரிந்த ஒருத்தி எழுந்து வந்தாள்.

"அக்கா பாத்ரூம் போயிருக்கு பாப்பா. குடு, நான் குடுத்துர்றேன்."

ரொட்டியைக் கொடுத்துவிட்டுச் சின்னவள் ஓடிவிட்டாள். ஐந்தாம் வகுப்புக்காரி அதைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.  பத்து வயதுப் பிள்ளை. நான் அவள் தலையில் கை வைத்துவிட்டுத் திரும்பினேன்.

மறுநாளும் அது நடந்தது. அதற்கடுத்த நாளும் நடந்தது. அக்கா படிக்கிறது, அக்காவை சார் கூப்பிட்டார், அக்கா தூங்குகிறது. ஒவ்வொரு நாளைக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒன்று யோசித்து வைத்திருந்தார்கள். கொட்டில்களில் இருந்த எல்லோரிடமும் தகப்பன் கெஞ்சிக் கேட்டுக்கொண்டிருந்தாராம், சின்னவளிடம் யாரும் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று. ஊரே சேர்ந்து ஒரு பிள்ளையை ஏமாற்றிக்கொண்டிருந்தது. அத்தனைபேரும் அன்பினால்தான் செய்தார்கள்.

பள்ளி விட்டதும் தாயை ஒரு பக்கமாகக் கூப்பிட்டேன்.

"தங்கச்சி, இது எத்தன நாளைக்கு? வேற யாராவது சொல்றதுக்கு முந்தி நீங்க சொல்லிருங்க."

"அவருதான் சொன்னாரு டீச்சர். இவ ஆஸ்பத்திரியில மூச்சு விட முடியாம கெடந்தா. அக்கா எங்க, அக்கா எங்கன்னு கேட்டா. அந்த நேரம் வாயில வந்தத சொல்லிட்டாரு. அப்பறம் அதையே சொல்லிக்கிட்டு வர்றோம்."

"இப்பதான் சொகமாயிட்டாளே."

"அவரு சொல்ல விடமாட்டேங்கறாரு." சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகினாள். "எனக்கும் சொல்ல வாய் வரல. நான் வாயால சொல்லிட்டா, அப்பறம் அது நடந்ததாயிரும்ல டீச்சர்?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் கொட்டிலுக்குப் போனேன். தகப்பன் சரிவிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். மம்பட்டியைத் தகரத்தில் சாய்த்து வைத்துவிட்டு, முழங்கால்வரை அப்பியிருந்த சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் போகக் கூடாது என்று நாடா கட்டி வைத்திருந்தார்கள். அவர் அதற்குக் கீழே குனிந்து போய் வருவார், யாரும் தடுப்பதில்லை. சின்னவள் பக்கத்துக் கொட்டிலில் விளையாடிக்கொண்டிருந்தாள். தாய் எனக்குத் தேத்தண்ணி ஊற்றினாள்.

நான் மெதுவாகத்தான் ஆரம்பித்தேன். பிள்ளை ஒவ்வொரு நாளும் ரொட்டியைப் பாதியாக்கிக்கொண்டு போகிறாள் என்று சொன்னேன். அவருக்கு அது தெரியாது. முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. ஆனாலும் விடவில்லை.

"கெடைக்காம எப்பிடி டீச்சர் சொல்றது? நாளைக்கே எங்கயாவது..." அதை முடிக்கவில்லை. "ஆத்துல அடிச்சுக்கிட்டுப் போயி, யாராவது காப்பாத்தி எங்கயாவது வச்சிருந்தா?"

"நீங்க அத நம்புறீங்களா?"

"நீங்க எங்க புள்ளைக்கு எழுத்து சொல்லிக் குடுங்க டீச்சர். எங்க வீட்டுச் சாவ நாங்க பாத்துக்கிறோம்."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவர் காதில் விழுந்தது. அவர் பெண்சாதி தேத்தண்ணிக் கேத்தலோடு அப்படியே நின்றுவிட்டாள். இத்தனை நாளில் அவர் அந்தச் சொல்லைச் சொன்னதே இல்லை என்று அவள் பின்னால் என்னிடம் சொன்னாள். அவர் எழுந்து வெளியே போனார். மம்பட்டியை எடுக்கவில்லை. தொழிற்சாலைப் பக்கமாக வெறுங்கையோடு நடந்து போனார். நான் தேத்தண்ணியைக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் 'எனது குடும்பம்' என்ற பாடம். அந்த வருஷம் அதை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் என் வகுப்பில் வீடு இழந்த பிள்ளைகள் நிறையப்பேர். அவர்கள் படத்தில்தான் வீட்டைத் திரும்பப் பார்ப்பார்கள் என்று நினைத்து வரையச் சொன்னேன். பலர் வீட்டை வரையவில்லை, மலையை வரைந்து முழுதாக மண்ணிறம் அடித்தார்கள். சின்னவள் அப்பா, அம்மா, தான், அக்கா என்று நால்வரையும் வரைந்தாள். அக்கா கையில் புத்தகம் இருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிறுமியும் கொட்டில் பிள்ளைதான். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு பிழையைத் திருத்துவது போலச் சொன்னாள்.

"ஒங்க அக்கா மண்ணுக்குள்ள."

"இல்ல. அஞ்சாம் வகுப்புல."

"இல்ல, மண்ணுக்குள்ள. எங்கம்மா சொன்னாங்க. ஒன்கிட்ட சொல்லக்கூடாதாம்."

சின்னவள் அவளை அடிக்கவில்லை, அழவும் இல்லை. படத்தை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

"டீச்சர், அக்கா எங்க?"

எனக்குப் பொய் சொல்ல முடியவில்லை. உண்மையைச் சொல்லும் உரிமையும் என்னுடையது இல்லை என்று தோன்றியது. "அம்மா வரட்டும். அம்மா சொல்லுவாங்க" என்றேன். அவளை மடியில் வைத்துக்கொண்டு இரண்டாம் வகுப்பு டீச்சரைக் கூப்பிட்டு மற்றப் பிள்ளைகளை அனுப்பினேன். தாய் அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கீழ் மலையில்தான் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். அதிபரே இறங்கிப் போய்க் கூட்டி வந்தார்.

அவள் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடும் தலைத்துணியோடும் வந்தாள். கை எல்லாம் கொழுந்துக் கறை. வழியிலேயே விளங்கிவிட்டிருக்க வேண்டும். பிள்ளைகள் உட்காரும் சின்ன நாற்காலியில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து மகளைத் தன் முன்னால் நிறுத்தினாள். நான் எழுந்து போகப் பார்த்தேன். "இருங்க டீச்சர்" என்றாள்.

"பாப்பா, அக்கா செத்துப் போயிருச்சு. மழைக்கு மண்ணு சரிஞ்சு விழுந்துச்சுல்ல, அதுல அக்காவும் அத்தையும் மாட்டிக்கிட்டாங்க. அத்தைய எடுத்துட்டாங்க. அக்காவ எடுக்க முடியல."

"ஸ்கூல்ல இல்லையா?"

"இல்ல சாமி. அப்பா ஒன்ன அழ வைக்கக் கூடாதுன்னு அப்பிடிச் சொன்னாங்க."

சின்னவள் என்னிடம் திரும்பினாள். 

"அப்ப ரொட்டிய யாரு தின்னா?"

ஐந்தாம் வகுப்பு அக்காமார் தின்றார்கள், உன்னை அழவிட விருப்பமில்லாமல் வாங்கிக்கொண்டார்கள் என்று சொன்னேன். அதுவும் முழு உண்மையில்லை. யாரும் அதைத் தின்னவில்லை. அதை வாங்கிய ஐந்தாம் வகுப்புக்காரி ஒவ்வொரு நாளும் தோட்டத்து நாய்க்குப் போட்டாள். நான் சொன்னதைக் கேட்ட பிறகுதான் சின்னவள் அழ ஆரம்பித்தாள். நான் கேட்ட அழுகைகளில் அது வேறு மாதிரி இருந்தது. தாயும் அழுதாள். இத்தனை மாதத்தில் அவள் சத்தம் போட்டு அழுதது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு சின்னவள் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. நான் கூப்பிடப் போனபோது தகரச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, "அக்கா அங்க இல்லையே" என்றாள். அவளைப் பொறுத்தவரை அது சரிதான். அக்காவைப் பார்க்கத்தான் பள்ளிக்கூடம். இழுப்பும் திரும்ப வந்தது. தகப்பன் என்னைப் பார்த்தால் வேறு பக்கம் போவார். டீச்சர் சொல்லிக் கொடுத்துத்தான் அந்தச் சிறுமி சொன்னாள் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். நான் மறுக்கப் போகவில்லை. அவருக்குக் கோபப்பட ஓர் ஆள் தேவைப்பட்டது. மலையிடம் கோபப்பட முடியாது.

வெயில் காலத்தில் அவர்கள் கருமாதி செய்தார்கள். உடல் இல்லாமல் எப்படிச் செய்வது என்று சொந்தக்காரர்களுக்குள் வாக்குவாதம் நடந்ததாம். கடைசியில் தகப்பனே பூசாரியைப் பார்த்துப் பேசிவிட்டு வந்தாராம். சரிவில் கட்டிய நாடாவுக்கு இந்தப் பக்கம் நின்று தேங்காய் உடைத்து, சோறு படைத்தார்கள். நானும் அதிபரும் போயிருந்தோம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளும் வந்தார்கள். சின்னவள் தாயின் இடுப்பில் இருந்தாள். அந்த வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்திருப்பதை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தகப்பன் மொட்டை அடித்திருந்தார். என்னைக் கண்டு தலையை மட்டும் அசைத்தார்.

அதற்குப் பிறகு அவள் மறுபடி பள்ளிக்கூடம் வந்தாள். முதலில் தாயோடு வந்தாள். அதிபர் தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கிடம் பேசி, தாய் காலையில் கொஞ்ச நேரம் வகுப்பின் பின்னால் உட்கார்ந்துவிட்டுப் பிந்தி மலைக்குப் போக ஏற்பாடு செய்திருந்தார். மூன்று வாரம் போல அப்படி உட்கார்ந்தாள். பிறகு வாசல்வரை. பிறகு தகப்பன் கொண்டுவந்து விட்டார். எத்தனை மணிக்கு வருவேன் என்று ஒவ்வொரு நாளும் சொல்லிவிட்டுப் போவார். அந்த நேரத்துக்கு முன்பே வந்து வெளியே நிற்பார்.

அவள் எழுத்தில் பின்தங்கித்தான் இருந்தாள். யாரோடும் அதிகம் பேசமாட்டாள். எதைச் சொன்னாலும் "உண்மையாவா?" என்று கேட்பாள். இது சிவப்பு என்றாலும் கேட்பாள். நாளைக்கு லீவு என்றாலும் கேட்பாள். ஒவ்வொரு தடவையும் "உண்மைதான்" என்று பதில் சொன்னேன். அது இன்னும் நிற்கவில்லை.

இரண்டாம் தவணையில் ஒரு நாள் மத்தியானம் மழை பிடித்தது. சொன்னபடி ஆள் அனுப்பினோம். ஆனால் அதற்கு முன்பே தாய்மார் மலையிலிருந்து நனைந்துகொண்டு ஓடி வந்துவிட்டார்கள். ஒவ்வொருத்தியும் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். சின்னவளின் தாய் தூரத்து மலையில் இருந்தாள். சின்னவளும் நானும் மட்டும் மிஞ்சினோம். கதவுப் பக்கத்தில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தோம். அவள் மழையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"டீச்சர், மண்ணுக்குள்ள குளிருமா?"

"செத்துப் போனவங்களுக்குக் குளிராதும்மா. வலியும் இருக்காது."

"உண்மையாவா?"

"உண்மைதான்."

 தகப்பன் தொழிற்சாலையிலிருந்து ஒரு பெரிய றப்பர் சீட்டைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தார். அவளையும் அதற்குள் அணைத்துக்கொண்டு படியில் இறங்கினார். பாதி வழியில் அவள் நின்று, சரிவுப் பக்கம் கையைக் காட்டி, அண்ணாந்து ஏதோ கேட்டாள். அவர் சட்டென்று நின்றார். பிறகு அந்த மழையிலேயே குந்தி உட்கார்ந்து, அவள் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்துப் பேச ஆரம்பித்தார். நெடுநேரம் பேசினார். மழைச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.